ஒரு கலைக்கண்காட்சியின் வரலாற்றைக் குறுக்குவெட்டு நோக்கில் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நடந்து முடிந்த ஒரு கலைக்கண்காட்சியின் வரலாற்றை, பால், இனம், சாதி, வர்க்கம், குடியேற்ற நிலை ஆகியவை அதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த விதத்தோடு சேர்த்து எழுத முனைவோருக்கு இந்த வழிகாட்டி. கலை வரலாறு பயிலும் மாணவர்கள் சிலருக்கு இந்த வேலையில் துணை நின்றிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் கோட்பாட்டை நன்றாகப் படித்துவிட்டுத்தான் வந்தார்கள். தடுமாறியது வேலையின் வரிசையில்.

வழக்கமான ஆய்வை முழுவதும் முடித்துவிட்டு, கடைசியில் பெண்களுக்கு ஓர் இயல், சாதிக்கு ஓர் இயல், வர்க்கத்துக்கு ஓர் இயல் என்று ஒட்டவைப்பார்கள். அப்படிச் செய்யும்போது, மூன்றிலும் ஒரே நேரத்தில் நின்ற கலைஞர் எந்த இயலிலும் முழுதாக வருவதில்லை.

பல பாகுபாடுகள் ஒருவர்மீது ஒரே நேரத்தில் சேர்ந்து விழுவதைப் பார்க்கும் குறுக்குவெட்டு என்ற சிந்தனைக்கு 1989இல் அந்தப் பெயரைச் சூட்டியவர் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின்மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்து, 1976இல் தீர்ப்பான வழக்கு அவர் எடுத்துக்காட்டியவற்றுள் ஒன்று. நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, எனவே பால் பாகுபாடு இல்லை என்றது நீதிமன்றம். அப்படி எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையர். இனப் பாகுபாட்டுக் குறையை ஏற்கெனவே நடந்துவந்த வேறொரு வழக்கோடு சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. பாலும் இனமும் இரண்டு சாலைகள் என்றால், அவை சந்திக்கும் நாற்சந்தியின் நடுவில் அடிபட்டவருக்கு எந்தச் சாலையின் கணக்கிலும் இடம் கிடைக்கவில்லை. கண்காட்சி வரலாற்றில் நாம் தேட வேண்டியதும் அந்த நாற்சந்தியைத்தான்.

விளக்கத்துக்கு லண்டனில் நடந்த இரண்டு கண்காட்சிகளை வழிநெடுகப் பயன்படுத்துகிறேன். ஒன்று, ஐ.சி.ஏ. (இன்ஸ்டிடியூட் ஆஃப் கன்டெம்பரரி ஆர்ட்ஸ்) நிலையத்தில் கலைஞர் லுபைனா ஹிமித் தொகுத்து 1985 நவம்பரில் தொடங்கிய ‘தி தின் பிளாக் லைன்’ (மெல்லிய கறுப்புக் கோடு). அதில் 11 பெண் கலைஞர்கள். மற்றொன்று, ஹேவர்டு காலரியில் கலைஞர் ரஷீத் அராயீன் தொகுத்து 1989 நவம்பரில் தொடங்கிய ‘தி அதர் ஸ்டோரி’. அதில் 24 கலைஞர்கள், அவர்களில் பெண்கள் 4 பேர்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கண்காட்சியின் கேட்லாக் முதல் தேவை என்று எல்லோருக்கும் தெரியும். அதைவிட அதிகம் பேசுபவை அழைப்பிதழ், விலைப்பட்டியல், படைப்புகளை அனுப்பி வாங்கிய ரசீதுகள், கண்காட்சி நடந்தபோது எடுத்த நிழற்படங்கள், பார்வையாளர் பதிவேடு, குழுக்கூட்டக் குறிப்புகள் ஆகியவை. இவற்றில் குறைந்தது மூன்று கிடைக்கும் என்று உறுதியான பிறகே தலைப்பை முடிவுசெய்யுங்கள். கேட்லாக் மட்டும் இருந்தால் அமைப்பாளர் தம்மைப் பற்றி எழுதிய வரலாற்றைத்தான் நீங்கள் திருப்பி எழுத நேரும்.

லண்டன் கண்காட்சிகளுக்கு ஐ.சி.ஏ.வின் ஆவணங்கள் லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் காப்பகத்தில் உள்ளன. கோல்டுஸ்மித்ஸ் கல்லூரியிலுள்ள பெண்கள் கலை நூலகத்தில், வெள்ளையரல்லாத பெண் கலைஞர்களைப் பற்றி ரீட்டா கீகன் 1987இல் தொடங்கிய ‘விமன் ஆஃப் கலர் இன்டெக்ஸ்’ என்ற தொகுப்பு இருக்கிறது. இந்தியக் கண்காட்சிகளைப் பற்றி எழுதுவோர் ஏசியா ஆர்ட் ஆர்க்கைவ் இணையத்தில் வைத்திருக்கும் தெற்காசியக் கலை எழுத்துகளின் நூலடைவைப் பார்க்க வேண்டும். தமிழில் வந்த எழுத்துகளும் அதில் அடங்கும். பழைய தமிழ் இதழ்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

இவற்றோடு ஒரு எக்செல் தாள், ஒரு பெரிய வரைதாள், நேர்காணலுக்கான ஒப்புதல் படிவம் ஆகியவையும் வேண்டும். சிறிய கண்காட்சி என்றாலும் மூன்று மாதத்தை ஒதுக்கி வையுங்கள்.

1. ஒரே கண்காட்சியைத் தேர்ந்து, அதற்கு ஓர் இணையையும் தேடுங்கள்

‘இந்தியக் கலையில் பெண்கள்’ போன்ற தலைப்பை எடுத்துக்கொண்டால் ஒரு சுவரைக்கூட நெருங்கிப் பார்க்க முடியாது. ஒரு கண்காட்சிக்கு இடமும் தேதியும் பெயர்ப்பட்டியலும் செலவுக்கணக்கும் உண்டு. அவை இருப்பதால்தான் சமூகப் பிரிவுகள் அதில் எப்படிச் செயல்பட்டன என்பதைச் சான்றோடு காட்ட முடிகிறது.

ஆனால் ஒன்றை மட்டும் பார்த்தால் அதில் யார் இல்லை என்பது கண்ணில் படாது. ஆகவே அதே ஊரில், சில ஆண்டுகள் இடைவெளியில் நடந்த இன்னொரு கண்காட்சியைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘தி அதர் ஸ்டோரி’யைத் தனியே படித்தால், வெள்ளையர்கள் ஒதுக்கிய ஆப்பிரிக்க, ஆசிய நவீனக் கலைஞர்களை முன்னிறுத்திய நிகழ்வாக மட்டும் தெரியும். நான்கு ஆண்டுக்கு முந்தைய கண்காட்சியின் பட்டியலைப் பக்கத்தில் வைத்த உடனே, அந்த 11 பெண்களில் ஹிமித், சோனியா பாய்ஸ் ஆகிய இருவர் மட்டுமே இங்கும் இடம்பெற்றார்கள் என்பது தெரிகிறது. அந்த ஒன்பது பேரின் இடைவெளிதான் ஆய்வுக்கேள்வி.

2. முதலில் ஓர் ஆதார அட்டை தயாரியுங்கள்

கண்காட்சியின் பெயர், துணைப்பெயர், தொடங்கிய நாள், முடிந்த நாள், கட்டடம், கட்டடத்தின் எந்தப் பகுதி, தொகுத்தவர், பண உதவி, கலைஞர்கள், படைப்புகள், பின்னர் சென்ற ஊர்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அது எந்தத் தாளிலிருந்து கிடைத்தது என்று எழுதுங்கள். இரண்டு சான்றுகள் முரண்பட்டால் இரண்டையும் எழுதிவையுங்கள். ஒன்றை அழிக்க வேண்டாம். அழைப்பிதழில் இருக்கும் ஒரு பெயர் கேட்லாக்கில் இல்லாமற்போவது அச்சுப்பிழையாகவும் இருக்கலாம், கடைசி நேர விலகலாகவும் இருக்கலாம். அதற்கான விடை எட்டாம் படியில்தான் கிடைக்கும்.

3. கண்காட்சி தன்னை எந்தச் சொல்லால் அழைத்தது என்று எழுதிவையுங்கள்

புதிதாக வருவோர் அதிகம் சறுக்கும் இடம் இது. இன்றைய வகைப்பாடுகளைக் கொண்டுபோய் அன்றைய கலைஞர்கள்மீது ஒட்டிவிடுகிறார்கள்.

1985இல் லண்டனில் ‘பிளாக்’ என்ற சொல், ஆப்பிரிக்க, கரீபிய வழியினரோடு தெற்காசிய வழியினரையும் சேர்த்துக் குறித்த அரசியல் சொல்லாக வழங்கியது. அதனால்தான் சாந்திநிகேதனில் பிறந்த சுதபா பிஸ்வாஸும், லிவர்பூல் பகுதியில் பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்த சீலா பர்மனும், கயானாவில் பிறந்த இங்க்ரிட் போலார்டும், கிளாஸ்கோவில் பிறந்த மாட் சுல்டரும் ஒரே சொல்லின்கீழ் நின்றார்கள். பிஸ்வாஸைத் ‘தெற்காசியர்’ என்றும் சுல்டரை ‘ஆப்பிரிக்க வழியினர்’ என்றும் பிரித்துப் பட்டியலிட்டால், அவர்கள் சேர்ந்து கட்டிய கூட்டணியையே நீங்கள் கலைத்துவிடுகிறீர்கள்.

நான்கு ஆண்டு கழித்து ஹேவர்டு கண்காட்சியின் துணைப்பெயர் ‘ஆப்ரோ-ஏசியன்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. பெய்ரூட்டில் பாலஸ்தீனப் பெற்றோருக்குப் பிறந்த மோனா ஹாதூமும், ஜப்பானியரான குமிகோ ஷிமிசுவும் அதில் இடம்பெற்றார்கள். சொல் மாறும்போது உள்ளே வருபவர்களும் மாறுகிறார்கள்.

நியூயார்க்கில் 1980இல், பெண் கலைஞர்கள் கூட்டுறவாக நடத்திய ஏ.ஐ.ஆர். காலரியில் நடந்த ‘டயலெக்டிக்ஸ் ஆஃப் ஐசொலேஷன்’ தன்னை ‘அமெரிக்காவின் மூன்றாம் உலகப் பெண் கலைஞர்களின் கண்காட்சி’ என்று அறிவித்தது. தொகுத்தவர்கள் கியூபாவில் பிறந்த அனா மென்டியெட்டா, ஜப்பானில் பிறந்த கசுகோ மியாமோட்டோ, அலிகரில் பிறந்த சரினா. மூன்றாம் உலகம் வெளியே எங்கோ இல்லை, அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கிறது என்பது அந்தத் தலைப்பின் வாதம்.

ஆகவே எக்செல் தாளில் இரண்டு பத்திகள் போடுங்கள்: அன்று அவர்கள் பயன்படுத்திய சொல் ஒன்றில், இன்று நீங்கள் பயன்படுத்தப்போகும் சொல் மற்றதில். முதல் பத்தியை முழுவதும் நிரப்பிய பிறகே இரண்டாவதைத் தொடுங்கள்.

4. கலைஞர்களைப் பற்றி ஊகித்து நிரப்பாதீர்கள்

பெயரைப் பார்த்துச் சாதியையும், முகத்தைப் பார்த்து இனத்தையும், படத்தைப் பார்த்துப் பாலின விருப்பத்தையும் ஊகிப்பது இந்த வேலையில் செய்யக்கூடாத முதன்மையான தவறு. ஒரு மாணவர் ஓர் ஓவியரின் பெயரின் பின்னொட்டைச் சாதிப்பெயர் என்று கொண்டு ஒரு பக்கம் எழுதிவிட்டார். வரைவைப் படித்த ஓவியர், அது தம் ஊர்ப்பெயரின் சுருக்கம் என்று மட்டும் பதில் எழுதினார். அதன் பிறகு நேர்காணலுக்கு அவர் இணங்கவில்லை. அந்தக் கதவு அதோடு மூடிவிட்டது.

கலைஞர் தாமே பொதுவெளியில் சொன்னதை மட்டும் பதியுங்கள். சீலா பர்மன் தம் தந்தை ஐஸ்கிரீம் வண்டி ஓட்டிப் பிழைத்ததைப் பலமுறை சொல்லியிருக்கிறார், படைப்புகளிலும் கொண்டுவந்திருக்கிறார். ஆகவே வர்க்கம் என்ற பத்தியில் அதை எழுதலாம். இன்னொருவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அந்தக் கட்டம் காலியாக இருக்கட்டும்.

காலிக் கட்டத்துக்கும் பொருள் உண்டு. நவீன இந்தியக் கலைக் கண்காட்சிகளின் கேட்லாக்குகளில் கலைஞர் குறிப்பு என்பது பிறந்த ஆண்டு, பயின்ற கல்லூரி, பெற்ற பரிசு ஆகியவற்றோடு பொதுவாக முடிந்துவிடும். சாதி அங்கே பேசப்படுவது அரிது. பத்தி முழுவதும் காலியாகக் கிடந்தால், அந்தக் காலத்துக் கலையுலகம் எதைப் பேசாப் பொருளாக வைத்திருந்தது என்று எழுதுவதற்கு அதுவே சான்று.

கல்விப் பின்னணிக்கு ஒரு பத்தி கட்டாயம் வேண்டும், ஏனெனில் வர்க்கம் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வெளிப்படுகிறது. 1987 முதல் 1989 வரை இந்தியாவின் பல ஊர்களுக்குச் சென்ற ‘த்ரூ தி லுக்கிங் கிளாஸ்’ கண்காட்சியில் நளினி மலானி, நிலிமா ஷேக், அர்பிதா சிங், மாத்வி பாரேக் ஆகிய நால்வர். முதல் மூவரும் கலைக்கல்லூரியில் பயின்றவர்கள். பாரேக் குஜராத்தின் ஒரு கிராமத்தில் வளர்ந்தவர், கல்லூரிப் பயிற்சி இல்லாதவர். மலானி கராச்சியில் பிறந்து, பிரிவினையில் இடம்பெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். ‘நான்கு பெண்கள்’ என்ற சொற்றொடரோடு நின்றுவிட்டால் இவ்வளவும் மறைந்துபோகும்.

5. குறுக்கே வெட்டிய பிறகு எண்ணுங்கள்

பெண்கள் எத்தனை, கறுப்பினத்தவர் எத்தனை என்று தனித்தனியே எண்ணினால் இரண்டு எண்கள் கிடைக்கும். அவ்விரண்டும் ஒரே ஆட்களைக் குறிக்கின்றனவா என்பது தெரியாது. ஆகவே முதலிலேயே கட்டங்களை வெட்டிவிடுங்கள்: கறுப்பினப் பெண், கறுப்பின ஆண், வெள்ளைப் பெண், வெள்ளை ஆண். நான்காவது கட்டத்தையும் எழுத வேண்டும். அதை விட்டால் மற்ற மூன்றும் எதோடு ஒப்பிடப்படுகின்றன என்பது மறந்துபோகும்.

இதன் தேவையை நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் காட்டுகிறது. 1970ஆம் ஆண்டின் சிற்பக் கண்காட்சியில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று பெண் கலைஞர்கள் போராடினார்கள். அந்தக் குழுவிலிருந்த பெயித் ரிங்கோல்ட், கறுப்பினப் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்று தனியே வற்புறுத்தினார். பெட்டி சார், பார்பரா சேஸ்-ரிபூ ஆகிய இருவரும் அந்தக் கண்காட்சியில் இடம்பெற்றார்கள். பெண்கள் என்ற ஒரே கட்டத்தில் கணக்கிட்டிருந்தால், அந்த இருவர் வராமல் போயிருந்தாலும் போராட்டத்துக்குப் பலன் கிடைத்ததாகவே எண் காட்டியிருக்கும்.

எண்ணிக்கை சிறியதாக இருக்கும்போது விழுக்காடு போடாதீர்கள். 24 பேரில் 4 பேரை 16.7 விழுக்காடு என்று எழுதுவதால் ஒன்றும் விளங்காது. நான்கு பெயர்களையும் எழுதுங்கள்.

எண்ணிய உடனே தொகுத்தவர்மீது தீர்ப்பு எழுதத் தோன்றும். கொஞ்சம் பொறுத்து, கண்காட்சிக்கு முன்பே இருந்த வாயில்களைப் பின்னோக்கிப் பாருங்கள். ‘தி அதர் ஸ்டோரி’ இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய காலத்தைச் சொல்ல முனைந்தது. 1950களில் கப்பலேறி லண்டனுக்கு வந்து ஓவியராக வாழ முயல, பயணச்செலவும் குடும்பத்தின் இசைவும் யாருக்கு எளிதில் கிடைத்தன என்று கேட்டால், அந்தத் தலைமுறைப் பட்டியலில் ஆண்களே நிறைந்திருப்பதற்கு ஒரு பகுதி விளக்கம் கிடைக்கும். ஆனால் 1980களுக்கு அந்த விளக்கம் பொருந்தாது. 11 பெண்கள் நான்கு ஆண்டு முன்பே அதே நகரத்தில், பெயர்பெற்ற ஒரு நிலையத்தில் காட்சிப்படுத்தியிருந்தார்கள்; தேடுவோர் கண்ணுக்கு எட்டும் தொலைவில்தான் இருந்தார்கள். ஆக, முந்தைய தலைமுறைக்கு ஒரு விடை, பிந்தைய தலைமுறைக்கு வேறொரு விடை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியே பல கட்டுரைகள் நியாயமற்றுப் போகின்றன.

அராயீனின் நிலையையும் அதே அக்கறையோடு எழுத வேண்டும். கராச்சியிலிருந்து வந்து லண்டனில் ஒதுக்கப்பட்ட கலைஞர் அவர். இந்தக் கண்காட்சிக்கான திட்டத்தை 1978இலேயே முன்வைத்து, 1989 வரை போராடினார். இனத்தின் பெயரால் ஒதுக்கப்பட்டவர் திறந்த கதவிலும் பெண்களுக்கு நான்கு இடம்தான் இருந்தது என்பது, இரண்டு அநீதிகளும் வெவ்வேறு வழியில் வேலைசெய்கின்றன என்பதைக் காட்டுகிறது. குறுக்குவெட்டு ஆய்வுக்கு இதைவிட வளமான இடம் கிடைப்பது அரிது.

6. சுவரையும் நடக்கும் வழியையும் வரையுங்கள்

வரைதாளை எடுத்துக் கட்டடத்தின் வரைபடத்தைப் போடுங்கள். வாசல் எங்கே, பெரிய கூடம் எங்கே, யாருடைய படைப்பு எந்தச் சுவரில் இருந்தது என்று குறியுங்கள். ஒரு கலைஞரைப் பட்டியலில் சேர்ப்பதும் அவருக்கு இடம் கொடுப்பதும் வெவ்வேறு செயல்கள். வரைபடம் இல்லாமல் இரண்டாவதைப் பார்க்க முடியாது.

‘தி தின் பிளாக் லைன்’ ஐ.சி.ஏ.வின் நடைவழியில் வைக்கப்பட்டது. நடைவழியில் ஆள் நிற்பதில்லை, கடந்து போகிறார். பெரிய படத்தை விலகி நின்று பார்க்கும் தூரமும் கிடைப்பதில்லை. கண்காட்சியின் தலைப்பிலேயே அந்த ஒடுங்கிய கோடு இருக்கிறது. அதே சமயம், நடைவழி என்பது அந்தக் கட்டடத்துக்கு வேறு எதற்காகவோ வந்தவரும் தவிர்க்க முடியாமல் கடக்கும் இடம். இந்த இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் இடத்தின் உண்மை பாதியாகிவிடும்.

நிழற்படத்தைப் படிக்கும்போது படைப்பை விட்டுவிட்டு விளிம்புகளைப் பாருங்கள். நகரக் குழுக் கண்காட்சி ஒன்றின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை நான் பலமுறை பார்த்திருந்தும், வலது ஓரத்தில் இருந்த தீயணைப்பு மணல்வாளியையும் அதற்கு மேலிருந்த மின்சாரப் பலகையையும் கவனித்திருக்கவில்லை. அவற்றுக்கும் மாடிப்படிக்கும் நடுவில், கண்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே, அந்தக் கண்காட்சியின் ஒரே பெண் ஓவியரின் இரண்டு சிறிய படங்கள் தொங்கின. கேட்லாக்கில் அவருக்கும் மற்றவர்களைப் போலவே ஒரு முழுப்பக்கம் இருந்தது.

7. பணத்தையும் உழைப்பையும் பின்தொடருங்கள்

யார் பணம் கொடுத்தார், பிரேம் போட்ட செலவு யாருடையது, படைப்பை வண்டியில் ஏற்றி அனுப்பியது யார், காலரிக்கு நாள்வாடகை எவ்வளவு, மாலையில் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுத் திறப்பு விழாவுக்கு வந்தார் என்று கேளுங்கள். வர்க்கம் கேட்லாக் கட்டுரைகளில் தென்படுவதைவிட இந்தக் கணக்குகளில் தெளிவாகத் தென்படும்.

ஏ.ஐ.ஆர். காலரி 1972இல் 20 பெண் கலைஞர்கள் கூட்டுறவாகத் தொடங்கியது. உறுப்பினர்கள் சந்தா கட்டினார்கள். இடத்தைச் சீரமைக்கும் வேலையிலும் தாங்களே இறங்கினார்கள். ஆண்களின் காலரிகளில் நுழைய முடியாத பெண்களுக்கு அது பெரிய வாய்ப்பு. ஆனால் சந்தாவும் ஓய்வு நேரமும் யாரிடம் இருந்தன என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வருகிறது. தொடக்க உறுப்பினர்களில் ஒருவரான ஹோவர்டினா பின்டெல் கறுப்பினத்தவர். அவர் 1975இல் விலகினார். 1980இல் ‘டயலெக்டிக்ஸ்’ கண்காட்சிக்காக அதே காலரிக்கு ‘ஃபிரீ, ஒயிட் அண்ட் 21’ என்ற வீடியோவோடு திரும்பினார்.

அந்த வீடியோவை நிதானமாகப் பார்க்க வேண்டும். சுமார் 12 நிமிடம். பின்டெல் கேமராவைப் பார்த்துத் தமக்கு நேர்ந்தவற்றை ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொல்கிறார். பாலர் பள்ளியில் ஆசிரியை தம்மைக் கட்டிலோடு கட்டிவைத்ததும் அதில் ஒன்று. நடுவே தலை முழுவதும் வெள்ளைக் கட்டுத்துணியைச் சுற்றிக்கொள்கிறார், பிறகு அவிழ்க்கிறார். இடையிடையே அவரே பொன்னிறப் பொய்முடியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து வெள்ளைப் பெண்ணாக வந்து, உனக்குச் சந்தேக நோய், நீ நன்றி கெட்டவள் என்கிற பாங்கில் பதில் சொல்கிறார். இந்தப் படைப்பு வெள்ளைப் பெண்கள் பெரும்பான்மையாக நடத்திய பெண்ணியக் காலரிக்குள்ளேயே ஓடியது என்ற இடக்குறிப்பு இல்லாமல் இதைப் பற்றி எழுதினால், படைப்பு யாரை நோக்கிப் பேசியது என்பதே விட்டுப்போகும்.

பெயரில்லாத உழைப்பையும் இதே படியில் தேடுங்கள். 1886இல் லண்டனில் நடந்த ‘காலனியல் அண்ட் இந்தியன்’ கண்காட்சியில், நெசவும் மண்பாண்டமும் செய்துகாட்ட அழைத்துச் செல்லப்பட்ட 34 கைவினைஞர்களைப் பார்வையாளர்கள் கிராமத்துத் தொழிலாளிகள் என்றே கண்டார்கள். அவர்கள் ஆக்ரா சிறையில் தொழில் பயின்றவர்கள். அவர்களில் ஒருவரான பக்ஷிராம் என்ற முதிய குயவரின் பெயர் பலருக்குத் தெரிவதே ருடால்ஃப் ஸ்வோபோடா தீட்டிய உருவப்படத்தின் தலைப்பால்தான். ‘கலைஞர்’ என்ற பத்திக்குள் யார் எழுதப்பட்டார், ‘கைவினைஞர்’ என்ற பத்திக்குள் யார் தள்ளப்பட்டார் என்ற பிரிவு இந்தியாவில் சாதியோடு நெருங்கிய உறவுடையது. உங்கள் தாளில் இந்த இரண்டாவது பத்தி இல்லையென்றால் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

8. வராதவர்களின் பட்டியலை எழுதுங்கள்

அழைக்கப்படாதவர், அழைத்தும் மறுத்தவர், ஒப்புக்கொண்டு விலகியவர் என மூன்று வகையாகப் பிரியுங்கள். மூன்றையும் ‘விடுபட்டோர்’ என்று ஒரே தலைப்பில் போட்டால், மறுப்பு ஓர் அரசியல் செயல் என்பது மறைந்துவிடும்.

1971இல் விட்னி அருங்காட்சியகம் ‘கன்டெம்பரரி பிளாக் ஆர்ட்டிஸ்ட்ஸ் இன் அமெரிக்கா’ என்ற கண்காட்சியை நடத்தியது. கறுப்பினக் கலை வல்லுநர்களைக் கலந்துகொள்ளாமல் நடத்தியதை எதிர்த்து, 75 கலைஞர்களில் 15 பேர் விலகினார்கள். அதற்கு மறுப்பாக நியூயார்க்கின் ஆக்ட்ஸ் ஆஃப் ஆர்ட் காலரியில் ஓர் எதிர்க்கண்காட்சி நடந்தது. அதே ஆண்டு, அதே காலரியில், ‘வேர் வீ அட்’ என்ற பெயரில் கறுப்பினப் பெண்களின் கண்காட்சி தனியே நடந்தது. அருங்காட்சியகம், அதற்கு எதிர்ப்பு, எதிர்ப்புக்குள்ளும் தனியே ஓர் இடம் தேடிய பெண்கள் என்று மூன்று அடுக்குகள் சில மாதங்களுக்குள் வந்துவிடுகின்றன. விட்னியின் கேட்லாக்கை மட்டும் படித்தவருக்கு முதல் அடுக்கு மட்டுமே கிடைக்கும்.

நடக்காமற்போன கண்காட்சிகளையும் தேடுங்கள். நளினி மலானி 1979இல் நியூயார்க்கில் ஏ.ஐ.ஆர். காலரியைப் பார்த்துவிட்டு வந்து, இந்தியாவில் பெண் கலைஞர்களின் பெரிய கண்காட்சி ஒன்றை நடத்த முயன்றார், ஆதரவு கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அது ‘த்ரூ தி லுக்கிங் கிளாஸ்’ என்ற நால்வர் கண்காட்சியாக உருவெடுத்தது. நால்வர் என்ற எண் ஏன் என்பதற்கான விடை அந்த நடக்காத கண்காட்சியில் இருக்கிறது.

9. விமர்சனங்களை இரண்டு முறை படியுங்கள்

முதல் முறை கருத்துக்காக. இரண்டாம் முறை, எந்தக் கலைஞருக்கு எந்த அடைமொழி கிடைத்தது என்று மட்டும் பாருங்கள். ஆண் ஓவியருக்கு ‘ஆற்றல்’, ‘தேடல்’ என்றும், பெண் ஓவியருக்கு ‘மென்மை’, ‘நளினம்’ என்றும், ஒடுக்கப்பட்ட சமூகத்தவருக்கு ‘இயல்பான’, ‘கள்ளமற்ற’ என்றும் வருகின்றனவா என்று பட்டியலிடுங்கள். செய்தி எந்தப் பக்கத்தில் வந்தது என்பதையும் குறியுங்கள். தமிழ் நாளிதழ்களில் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பத்தியின் ஒற்றை வரி மட்டுமே சான்றாகக் கிடைக்கும் கண்காட்சிகளும் உண்டு. அதையும் நாளோடு எடுத்துவையுங்கள்.

10. நேர்காணலைக் கடைசியில் வையுங்கள்

ஆவணங்களைப் படிக்காமல் கலைஞரிடம் போனால், அவர் பலமுறை சொல்லிப் பழகிய கதையைத்தான் கேட்டுத் திரும்புவீர்கள். வரைபடத்தையும் பழைய அழைப்பிதழின் நகலையும் அவர் கையில் கொடுங்கள். தாளைத் தொட்டுப் பார்த்ததும் நினைவு வேறு வழியில் திறக்கும். படம் எந்தப் பக்கம் இருந்தது, யார் ஆணி அடித்தது, மதியம் யார் சோறு கொண்டுவந்தது என்று பேச்சு தானாக நகரும்.

சாதியையோ பாலின விருப்பத்தையோ நேராகக் கேட்காதீர்கள். ‘காலரியில் உங்களுக்குச் சங்கடமாக இருந்த இடம் எது’, ‘உங்களை யாரோடு சேர்த்துப் பேசினார்கள்’ என்று கேளுங்கள். அவர் சொல்ல விரும்பினால் அந்த வழியாக வரும். விரும்பாவிட்டால் விட்டுவிடுவது உங்கள் கடமை. மூத்த ஆண் கலைஞர்களிடம் மட்டும் பேசிவிட்டு முடித்துக்கொள்வது பரவலான தவறு. காலரி எழுத்தர், பிரேம் போட்டவர், காவலர், கலைஞரின் மனைவி அல்லது மகள் ஆகியோரையும் தேடிப் போங்கள். நினைவில் ஆண்டு தவறும். திருத்த வேண்டாம், ஆவணத்தில் உள்ள ஆண்டை அடிக்குறிப்பில் கொடுங்கள்.

11. எழுதும் வரிசை

முதல் வரைவை ஒரு நாற்சந்தியிலிருந்து தொடங்குங்கள்: ஒரு சுவர், ஒரு விலகல் கடிதம், ஒரு காலிக் கட்டம். அதில் நின்ற ஒருவரைப் பின்தொடர்ந்தால் பாலும் வர்க்கமும் இனமும் தாமாகவே சேர்ந்து வரும், தனித்தனி இயல்கள் தேவைப்படாது.

‘முதல் பெண்கள் கண்காட்சி’, ‘முதல் கறுப்பினக் கண்காட்சி’ போன்ற தொடர்களை வரைவிலிருந்து நீக்குங்கள். உங்களுக்குக் கிடைத்த தாள்களில் முந்தியது என்பதே அதன் பொருள். அதற்கு முன்பு வாடகைக் கூடத்தில் கேட்லாக் அச்சிடப் பணமில்லாமல் நடந்த ஒன்றை அந்தச் சொல் அழித்துவிடும்.

வரைவை, அதில் பெயர் வரும் ஒவ்வொருவருக்கும் அவர்களைப் பற்றிய பத்திகளோடு அனுப்பி, பதிலுக்கு ஒரு மாதம் கொடுங்கள். தகவல் பிழையைத் திருத்துங்கள். உங்கள் முடிவோடு அவர்கள் மாறுபட்டால், அந்த மாறுபாட்டையும் அவர்கள் இசைவோடு கட்டுரையில் சேருங்கள். எல்லாம் முடிந்தபின், நீங்கள் நகலெடுத்த அழைப்பிதழ்களையும் நிழற்படங்களையும் வரைபடத்தையும் ஒரு தொகுதியாகக் கலைஞரின் குடும்பத்துக்கும், இன்னொன்றை அணுகக்கூடிய ஒரு நூலகத்துக்கும் கொடுத்துவிடுங்கள். எக்செல் தாளைக் காலிக் கட்டங்களோடு அப்படியே சேருங்கள். அடுத்து வருபவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்தக் கட்டங்கள்தான் காட்டும்.